ஆற்றுப்படையும் நிலக்காட்சியும்: ருவான்வெல்லையிலிருந்து களனியின் ஏரிக்கரைகள் வரை

மலைநாட்டு ஏரிகளைப் பற்றிய பயண எழுத்துக்கள் அண்மைக் காலத்திலே தமிழிற் பெருகியுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவற்றில் ஏரியும் மலையும் பனிமூட்டமும் எழுவாயாக நிற்க, அங்கு வாழும் மக்கள் அடைமொழியாக ஒடுங்கிவிடுகின்றனர். தேயிலை மலையின் பச்சைக்கு நடுவே சிவப்புச் சேலை ஒன்று தெரிந்தால் நிழற்படம் நிறைவுறும்; சேலைக்குரியவள் அன்று எத்தனை கிலோ கொழுந்து கொடுத்தாள் என்பது படத்துக்கு வெளியே உள்ள செய்தி. இவ்வாறு காணும் முறை எங்கிருந்து வந்தது, தமிழ் மரபில் இதற்கு மாறான பார்வை உண்டா, நம் கண்முன் உள்ள ஒரு நிலப்பகுதியை வைத்து இவ்வினாக்களை எவ்வாறு அணுகலாம் என்பனவே இக்கட்டுரையின் அக்கறைகள். எடுத்துக்கொண்ட நிலப்பகுதி, களனி கங்கையின் தலைப்பிலுள்ள காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய இரு நீர்த்தேக்கங்களும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களுமாகும். இக்கட்டுரையாளர் சென்ற மாசி மாதத்தில் ருவான்வெல்லையிலிருந்து புறப்பட்டு இப்பகுதிக்குப் பேருந்திற் சென்றுவந்தார். அப்பயணம் ஆய்வுக் களப்பணி அன்று. எனினும் வழியிற் கண்டவை நூல்களிற் கற்ற சிலவற்றை மறுபடியும் யோசிக்க வைத்தன.

ஏரிக்கரைப் பயணத்துக்கு உலக இலக்கியத்தில் முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிப் பிரதேசமாகும். 1778 இல் தோமஸ் வெஸ்ற் என்பவர் அப்பிரதேசத்துக்கு வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்த்தல் வேண்டும் என்று அந்நூல் நிலையங்களை வகுத்துக் கொடுத்தது. அக்காலப் பயணிகள் கையடக்கமான கருநிறக் குவிவுக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு சென்றனர். அதில் விழும் பிம்பம் ஓவியம் போலத் தோன்றும். ஆனால் அதனைக் காண்பதற்கு மலைக்கு முதுகு காட்டி நிற்றல் வேண்டும். இயற்கையைக் காணச் சென்ற கனவான் இயற்கைக்குப் புறங்காட்டி நின்று கண்ணாடியைப் பார்த்து வியந்தான் என்பது, நிலக்காட்சி என்ற கருத்துநிலையின் தன்மையை எந்த விளக்கத்தினும் தெளிவாக உணர்த்துகிறது.

வேட்ஸ்வேத்தும் 1810 இல் இப்பிரதேசம் பற்றி எழுதினார். முதலில் ஓர் ஓவியத் தொகுதிக்குப் பெயரில்லா முன்னுரையாக வந்த அவ்வெழுத்து, பின்னர் வளர்ந்து தனி நூலாகிப் பல பதிப்புக்கள் கண்டது. அங்கு வாழ்ந்த சிறு நிலவுடைமையாளரின் வாழ்வையும் வீட்டமைப்பையும் அவர் கருத்தோடு நோக்கினார் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் 1844 இல் விண்டமியர் ஏரி வரை புகையிரதப் பாதை அமைக்கத் திட்டமிடப்பட்டபோது அவர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆலைத் தொழிலாளர் கூட்டங் கூட்டமாக வந்திறங்கினால் ஏரிக்கரையின் அமைதி கெடும், அத்தகைய அழகை நுகரும் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். பாதை 1847 இல் திறக்கப்பட்டது. அதே நூற்றாண்டின் இறுதியில், தேர்ல்மியர் என்னும் ஏரியை மான்செஸ்ரர் நகராட்சி அணைகட்டி உயர்த்தி, 1894 இல் நகரத்துக்கு நீர் கொண்டு சென்றது. 1930களில் ஹோஸ்வோட்டர் ஏரி உயர்த்தப்பட்டபோது மார்டேல் கிராமம் நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் அதன் கற்சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. கவிஞரின் ஏரிக்குப் பக்கத்திலேயே ஆலை நகரின் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. நாடும் நகரமும் ஒன்றுக்கொன்று எதிரான இரு உலகங்கள் அல்ல, ஒரே உற்பத்தி முறையின் இரு முகங்கள் என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் வெளிவந்த தமது நூலில் விரித்துரைத்தது இத்தகைய வரலாற்றை வைத்தே. நிலத்தை நிலக்காட்சியாகக் காண்பதற்கு அதில் உழையாமல் விலகி நிற்கும் ஒருவன் வேண்டும் என்பது அவரது அடிப்படையான கருத்து.

தமிழ் மரபுக்கு வருவோம். நம்மிடம் பயண வழிகாட்டியாகவே ஓர் இலக்கிய வகை இருந்தது. பரிசில் பெற்ற பாணனோ கூத்தனோ பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. ‘ஆறு’ என்ற சொல் வழியையும் நீரோடும் ஆற்றையும் ஒருங்கே குறிப்பது இப்பயணத்துக்குப் பொருந்திவருவது தற்செயலே. எனினும் ஆற்றுப்படையின் பயணி யார் என்பது ஊன்றி நோக்கற்குரியது. அவன் பசித்தவன், சுற்றத்தையும் இசைக்கருவியையும் சுமந்து செல்பவன். பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் எனத் தொழில்வழி மக்கள் அடுத்தடுத்து வருகின்றனர். ஒவ்வொருவரிடத்தும் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது. அவ்வுணவு அவர்தம் உழைப்பின் பயனாகவே கூறப்படுகிறது. மலைபடுகடாத்தில் மலைவழி செல்வோர்க்கு எச்சரிக்கைகள் உள்ளன. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறியில் அகப்படாதே, யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் உன்மேற் படாமல் மறைந்து செல் என்று புலவர் கூறுகிறார். மலை அங்கே பிறருடைய வேலைத்தளம். வழிப்போக்கன் அவ்வேலைக்கு இடையூறின்றிக் கடந்துசெல்ல வேண்டியவன்.

திணைக் கோட்பாடும் இவ்வாறே. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் முதலியவற்றோடு தொழிலையும் தொல்காப்பியம் கருப்பொருளுட் சேர்க்கிறது. தொழிலற்ற வெறும் நிலம் திணையாகாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1970களில் திணைக் கோட்பாட்டைச் சமச்சீரற்ற பொருளாதார வளர்ச்சியின் அடிப்படையில் விளக்கியமை இவ்வழியில் ஒரு திருப்பமாகும். ஆனால் பழமையைப் போற்றும் உற்சாகத்தில் ஒன்றை மறைத்தல் கூடாது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குரிய தலைமக்களாக அதே தொல்காப்பியத்திற் கொள்ளப்படவில்லை. அவர்களைப் பாடுதற்குத் தடையில்லை, ஆயின் ஐந்திணைக்குப் புறத்தே கைக்கிளை பெருந்திணைகளிற் பாடலாம் என்பதே உரையாசிரியர் கொண்ட பொருள். நிலத்தில் தொழிலுக்கு இடமளித்த இலக்கணம், பிறர் ஏவலில் தொழில் செய்வோரின் காதலுக்கு நடுவிடம் அளிக்க மறுத்தது. வர்க்க சமுதாயம் உருப்பெறும் காலத்தின் முரண்பாடு இது. திணைக் கோட்பாடு முழுவதும் இயற்கையோடியைந்த வாழ்வின் வெளிப்பாடு என்று மேடைகளிற் பேசுவோர் இந்நூற்பாவை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

இனிப் பயணம். ருவான்வெல்லையைத் தொட்டுச் செல்வது களனியன்று. அதன் கிளையாறாகிய குருகொட ஓயா. சிறிது தூரம் கடந்து கரவனெல்லையிலேதான் களனியைப் பிடிக்க வேண்டும். இப்பகுதி இறப்பர் நாடு. தேயிலைத் தோட்டங்களைப் போல மலைமுழுதும் விரிந்து கிடக்காமல், சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே தோட்டங்கள் அமைந்துள்ளன. லயத்தின் ஒரு புறம் இறப்பர், மறுபுறம் கிராமத்து வயல். இக்கட்டுரையாளர் பிறந்ததும் அத்தகைய லயம் ஒன்றின் காம்பராவிலேயே. விடியுமுன் பால் வெட்டச் செல்லும் தாய்மாரின் கையிலிருந்த விளக்கு வரிசையாக மரங்களுக்கிடையே நகர்வதை இவ்விடத்துக்கு வரும் பயணி யாரும் காண்பதில்லை. அவர்கள் வரும் நேரத்தில் சிரட்டைகளில் பால் நிறைந்திருக்கும், வெட்டியவர்கள் தெரியமாட்டார்கள்.

பழைய நீர்வழி வாணிகத்தில் இவ்வூர்களுக்கு இடமிருந்தது. கடற்கரையை ஆண்ட ஐரோப்பியருக்கும் கண்டி இராச்சியத்துக்கும் இடைப்பட்ட எல்லைவழி இது. பிரித்தானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்படுத்திய கோட்டையின் வாயில் ருவான்வெல்லையில் இன்றும் நிற்கிறது. யட்டியாந்தோட்டை என்ற பெயரிலுள்ள ‘தோட்டை’ தமிழ்த் தோட்டமன்று, சிங்களத்தில் ஆற்றுத்துறையைக் குறிப்பது. மேல்நாட்டு விளைபொருள் பாதைப் படகுகளில் இத்துறையிலிருந்து கொழும்புக்கு இறங்கியது. 1902 இல் கொழும்பிலிருந்து அவிசாவளை வரை ஒடுக்கப் புகையிரதப் பாதை வந்தது; அடுத்த ஆண்டில் கிளைப்பாதை யட்டியாந்தோட்டையை எட்டியது; 1912 இல் முதன்மைப் பாதை இரத்தினபுரிக்கு நீண்டது. இறப்பரும் தேயிலையும் இறங்குவதற்காக இடப்பட்ட பாதை அது. யட்டியாந்தோட்டைக் கிளை 1942 இல் மூடப்பட்டது.

ருவான்வெல்லையின் பெயர் நாட்டின் அரசியல் வரலாற்றில் நிலைபெறுவதற்குக் காரணம் வேறு. 1934-35 இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கிராமங் கிராமமாகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். அவர்களிற் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். 1936 சட்டசபைத் தேர்தலில் என். எம். பெரேரா ருவான்வெல்லையிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றிபெற்றனர். அன்று தோட்டத் தொழிலாளர் பலரும் வாக்காளர்களாய் இருந்தனர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்கைப் பறித்தன. இடதுசாரிகள் அன்று அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தனர். ஆயின் 1964 இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் பங்கேற்றிருந்த மாதங்களிலேயே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதியைப் பின்னர் பார்ப்போம் என்று விட்ட ஒப்பந்தம் அது. இவ்விடயத்தில் நமது தரப்பின் தவறைச் சொல்லாமல் எதிர்த்தரப்பின் தவறை மட்டும் எழுதுவது ஆய்வாகாது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்ட மக்கள் அடிபட்டபோது, கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையே ஒரு காலத்தில் இருந்த அரசியல் உறவு பெரும்பாலும் அறுந்திருந்தது.

யட்டியாந்தோட்டையைக் கடந்து கித்துல்கலை. இங்கு பேருந்திலிருந்து இறங்கும் பயணிகள் இருவகையினர். ஒரு சாரார் ஆற்றில் காற்றுப்படகு விடுவதற்காக வருபவர்கள். மற்றொரு சாரார் 1957 இல் வெளிவந்த, டேவிட் லீன் இயக்கிய ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படம் எடுக்கப்பட்ட இடத்தைக் காண வருபவர்கள். களனி கங்கை அப்படத்தில் சயாம் நாட்டு ஆறாக நடித்தது. கதை, 1942-43 இல் யப்பானியர் அமைத்த சயாம்-பர்மாப் புகையிரதப் பாதையைப் பற்றியது. படத்தில் பாதையைக் கட்டுவோர் பிரித்தானியப் போர்க்கைதிகள். உண்மையில் அப்பாதையில் வேலை வாங்கப்பட்ட ஆசியத் தொழிலாளரின் தொகை போர்க்கைதிகளின் தொகையைவிடப் பன்மடங்கு அதிகம். அவர்களுள் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். கொலராவிலும் பட்டினியிலும் இறந்த அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் முறையாக வைக்கப்படவில்லை. மூலநாவலை 1952 இல் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல், போருக்கு முன்னர் மலாயா இறப்பர்த் தோட்டத்திற் பணிபுரிந்தவர். தமிழ்த் தொழிலாளியை அவர் அறியாதிருந்தார் என்று கொள்ளுதல் இயலாது. படப்பிடிப்பு நடந்ததோ இறப்பர்த் தோட்டத் தமிழர் வாழும் களனிப் பள்ளத்தாக்கில். இரு முனைகளிலும் இருந்த மக்கள், நடுவிலுள்ள கலைப்படைப்பில் மறைந்து போயினர். மலேசியத் தமிழிலே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அம்மறைப்புக்கு எதிராக எழுந்தது. கித்துல்கலைக்கு வருவோருக்கு அந்நாவலைப் பற்றிச் சொல்ல அங்கே பலகை ஏதும் இல்லை.

கினிகத்தேனையிலிருந்து பாதை ஏறத் தொடங்குகிறது. இறப்பர் குறைந்து தேயிலை வருகிறது. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு மலையாறுகள் சேர்ந்தே களனியாகின்றன. இவ்வாறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துரைத்தார். குடியேற்ற ஆட்சி அதனை நீண்டகாலம் இழுத்தடித்தது. லக்ஷபான மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் உருவாகி, 1965 இல் விமலசுரேந்திர மின்னிலையம் இயங்கியது. மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் நிரம்பியது. பின்னர் 1974 இல் புதிய லக்ஷபானையும் 1983 இல் கெனியனும் சேர்ந்தன. ஒரே நீர் படிப்படியாக இறங்கிப் பல சுழலிகளைச் சுழற்றி, இறுதியில் அம்பத்தலையில் கொழும்பின் குடிநீராகவும் எடுக்கப்படுகிறது. தொழினுட்ப நோக்கில் இது சிறந்த திட்டம். சோஷலிச நாடாயினும் இவ்வாற்றில் அணை கட்டியே இருக்கும். ஆகவே அணையைச் சபிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அணையின் பயன் எவ்வழிச் சென்றது என்பதே வினா. நீரைத் தேக்கிய மலைகளின் லயங்களுக்கு மின்விளக்கு வருவதற்குப் பல தசாப்தங்கள் பிடித்தன. உயரழுத்தக் கம்பிகள் லயத்துக் கூரையின்மேலாகச் செல்ல, கீழே குப்பிவிளக்கில் பிள்ளைகள் படித்தனர்.

காசல்ரீயும் மவுசாக்கலையும் நிரம்பிய ஆண்டுகள், மேலே குறித்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆண்டுகளுமாகும். நீர்மட்டம் எத்தனை அடி உயரும் என்று பொறியியலாளர் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், எத்தனை பேர் வெளியேற வேண்டும் என்று அதிகாரிகள் கணக்கிட்டுக்கொண்டிருந்தனர். இவ்விரு கணக்குகளும் ஒரே மேசையில் நடக்கவில்லைதான். ஆனால் லயத்தில் இருந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

பழைய மஸ்கெலியா நகர் மவுசாக்கலையின் நீருக்குள் இருக்கிறது. புதிய நகர் மேட்டில் அமைக்கப்பட்டது. வரட்சியான ஆண்டுகளில் நீர் இறங்கும்போது பழைய நகரின் இந்துக்கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்படும். செய்தித்தாள்கள் படம் வெளியிடும். வான்களில் மக்கள் வந்திறங்குவர். யாம் சென்றபோது நீர் அந்த அளவுக்கு இறங்கவில்லை. கரையோரம் வெடித்த செம்மண் சேறு மாத்திரமே தெரிந்தது. கரையிலுள்ள தேநீர்க் கடையில் முதியவர் ஒருவரோடு பேச வாய்த்தது. கோயிலின் கோபுரம் எங்கே தெரியும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டிவிட்டு, “தண்ணி வத்துற வருசம் எல்லாரும் படம் புடிக்க வருவாங்க தம்பி. நான் எறங்கிப் போறதில்ல. அந்தக் கடைத்தெருவுலதான் எங்கப்பா எனக்கு மொதமொதல்ல செருப்பு வாங்கிக் குடுத்தாரு. இப்ப போயி பாத்தா வெறுஞ் சேறு” என்றார். அவருடைய தமையன் குடும்பம் 1970களில் மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்குச் சென்றது. ஊரும் உடன்பிறப்பும் சில ஆண்டு இடைவெளியில் போயின என்பதை அவர் சேர்த்துச் சொல்லவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருக்க வெவ்வேறு பேச்சுக்கிடையே தனித்தனியாகவே சொன்னார்.

இவ்வூர்களின் பெயர்களே ஒரு வரலாறு. காசல்ரீ, நோர்வூட், கிளென்கெயான், டல்ஹவுசி எனத் தோட்டத்துரைமார் தம் நாட்டு நினைவில் பெயரிட்டனர். டல்ஹவுசியை மக்கள் நல்லதண்ணி என்றனர். சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் இன்று அறிவது அப்பெயரையே. ஒரு பெயர் துரையின் வம்சத்தையும் பதவியையும் சுட்டுகிறது. மற்றது குடிக்கத்தக்க நீர் இங்கே உண்டு என்று அடுத்து வருவோனுக்கு அறிவிக்கிறது. ஆற்றுப்படைப் புலவன் இரண்டாவதையே எழுதியிருப்பான்.

பார்வையின் வரலாற்றில் இப்பகுதிக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரற் கமரன் தம் இறுதி ஆண்டுகளை இலங்கையிற் கழித்து, 1879 சனவரியில் டிக்கோயாவிலுள்ள கிளென்கெயான் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் முதலியோரைப் பெயரோடு படம்பிடித்த அவர், இலங்கையில் எடுத்த தோட்டத் தொழிலாளரின் படங்களிற் பலவற்றுக்குப் பெயர் இல்லை. அம்முகங்கள் அன்போடு எடுக்கப்பட்டவை, உயிருள்ளவை. அவ்வளவில் அவர் தம் வர்க்கத்தாரின் பொதுப்பார்வையைக் கடந்தவர். ஆயினும் பெயர் எழுதத் தோன்றவில்லை. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் தமிழிற் பாடிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ கூட, கும்மி என்ற மக்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டு தோட்டம் செய்யும் துரையின் பக்கத்தில் நின்றே பயிர்ச்செய்கையைப் பாடியது. ஆகவே, இது மொழியை மாற்றுவதால் தீரும் விடயம் அன்று.

மாறுதல் தோட்ட மண்ணிலிருந்தே வந்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களில், சிறப்பாக 1954 இல் ஆங்கிலத்தில் வந்த ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் கவிதை நூலில், மலை முதன்முறையாக அதனை வெட்டித் திருத்தியவரின் பக்கத்திலிருந்து தோன்றியது. அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் பனியும் மழையும் வருணனைக்காக வருவதில்லை. பிரட்டுக்குப் பிந்திவிடும் அச்சமாக, நனைந்த படங்கின் பாரமாக வருகின்றன. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ சிறுகதையில் மலையின் அழகு கொழுந்தின் நிறையோடு பிணைந்தது. தெளிவத்தை ஜோசப் லயத்தின் உள்ளிடத்தை, எட்டடிக் காம்பராவின் நெருக்கத்தை எழுதினார். இவர்களை யதார்த்தவாதிகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது நம் விமர்சனத்தின் பழக்கம். அவர்கள் செய்தது அதனினும் குறிப்பிட்டது. அடியோரையும் வினைவலரையும் புறத்தே வைத்த பழைய இலக்கண எல்லையைக் குறிஞ்சி நிலத்திலேயே அவர்கள் அழித்தனர். ஆனால் சப்ரகமுவ இறப்பர் நாட்டுக்கு இத்தகைய வலுவான இலக்கியம் உருவாகவில்லை. மலையக இலக்கியம் என்றாலே தேயிலை என்று கொள்ளும் மனப்பாங்கும் அதற்கு ஒரு காரணம். கூட்டமாக வாழ வாய்ப்பற்ற சிதறிய மக்களின் நிலை மற்றொரு காரணம்.

காசல்ரீக் கரையில் 1878 இல் அமைந்த வோர்லி தேவாலயம் நிற்கிறது. அதன் முற்றத்திலிருந்து பார்த்தால் ஏரி மிக அழகாகத் தெரியும். அவ்வழகை மறுப்பதால் புரட்சி விரைந்து வந்துவிடாது. அங்கே நின்றபோது இக்கட்டுரையாளரும் சற்று நேரம் வாய்திறவாது நின்றார். எதிர்க்கரையில் பழைய துரைமார் பங்களாக்கள் உள்ளன. அவற்றுட் சில 2005 முதல் வெளிநாட்டாருக்கான ஆடம்பர விடுதிகளாகியுள்ளன. அங்கு ஓரிரவுக்கு அறவிடப்படும் தொகையைத் தொழிலாளியின் நாட்கூலியோடு ஒப்பிடுவதற்குக் கணித அறிவு அதிகம் வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. அப்பங்களாக்கள் கட்டப்பட்ட காலத்தில் அங்கே ஏரி இல்லை. பள்ளத்தாக்கில் தேயிலையும் ஆறுமே இருந்தன. துரை பங்களாவை மேட்டில் கட்டியது மலைகளை மேற்பார்வை செய்வதற்கு. மேற்பார்வைக்குத் தேர்ந்த இடமே இன்று காட்சிக்குரிய இடமாக விலைபோகிறது. கண்காணித்தலும் கண்டு களித்தலும் ஒரே திண்ணையிலிருந்து நிகழ்வது தற்செயலன்று.

லயங்கள் அமைந்த இடமோ எப்போதும் பிறர் வேண்டாத சரிவு. 2016 மே மாதத்துப் பெருமழையில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயம் ஒன்று மண்சரிவிற் புதைந்தது. அது ருவான்வெல்லைக்கு அயலூர். அன்று அரநாயக்கவில் நேர்ந்த பெருஞ்சரிவு உலகச் செய்தியாயிற்று. லயத்தின் இழப்பு அதன் நிழலில் ஒரு வரியாக நின்றது.

திரும்பும்போது இரவாகிவிட்டது. கரவனெல்லையில் இறங்கியபோது களனி இருளில் ஒலித்துக்கொண்டிருந்தது. மேலே எந்த அணையில் நீர் திறந்துவிடப்பட்டதோ, மாலையில் தெரிந்த பாறைகள் மறைந்திருந்தன. ஆற்றோரத்தில் உடுப்புத் துவைத்த இரு பெண்கள் வாளிகளை மேட்டுக்கு நகர்த்திக்கொண்டிருந்தனர். எத்தனை மணிக்கு நீர் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.